சுளுக்கா, எலும்பு முறிவா: டிரெசரிடம் கேளுங்கள்

பினாங்கில் அவசரப் பிரிவில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன், நம்மவர்கள் வாயில் இன்னும் டிரெசர்தான். கை கால் அடிபட்டது பற்றிக் கேளுங்கள்.

அண்ணா, தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் இறங்கும்போது கணுக்கால் மடங்கிவிட்டது. நல்ல வீக்கம், ஆனால் விரல்கள் அசைகின்றன. அப்படியானால் உடையவில்லைதானே?

விரல் அசைவதை நம்பாதீர்கள் தம்பி. விரலை இழுக்கும் தசைகள் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே இருக்கின்றன, கணுக்காலில் எலும்பு உடைந்திருந்தாலும் அவை பாட்டுக்கு வேலை செய்யும். வீக்கமும் அப்படித்தான், மோசமான சுளுக்கு சின்ன விரிசலைவிடப் பெரிதாக வீங்கும். நாங்கள் பார்ப்பது அழுத்தினால் எங்கே வலிக்கிறது, நடக்க முடிகிறதா, அவ்வளவுதான். கணுக்காலில் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பு இருக்கிறதே, அதன் நுனியையும், அங்கிருந்து பின்விளிம்போடு மேலே 6 சென்டிமீட்டர் வரையும் ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவில் துருத்தும் எலும்பு, உள் ஓரத்தில் கணுக்காலுக்குச் சற்று முன்னால் இருக்கும் மேடு. இதில் எங்காவது எலும்பின் மேலேயே சுருக்கென்று வலித்தாலும், விழுந்தவுடனும் சரி இப்போதும் சரி 4 அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நொண்டி நொண்டி வைத்தாலும் நடை நடைதான். கனடாவில் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதி இது. புடைத்த எலும்பை விட்டு அதன் முன்னாலும் கீழேயும் உள்ள மெத்தென்ற இடத்தில் மட்டும் வலியென்றால் பெரும்பாலும் சுளுக்கு.

மடக்கென்று சத்தம் கேட்டதே?

எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஜவ்வு கிழிந்தாலும் அதே சத்தம்தான்.

அம்மாவுக்குப் பல வருடமாக இனிப்பு நீர். பாதம் சிவந்து சூடாக வீங்கியிருக்கிறது, ஆனால் வலியில்லை, நடக்கிறார். காத்திருக்கலாமா?

வேண்டாம் அக்கா, இன்றே காட்டுங்கள். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவர்கள் உடைந்த காலோடு மார்க்கெட் வரை போய் வருவார்கள், நான் மேலே சொன்ன விதி இவர்களுக்குப் பொருந்தாது. போகும்வரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள்.

மாமியார் உருவிவிடும் பாட்டியிடம் போகலாம் என்கிறார், கணவர் சீன நாட்டு வைத்தியர் சின்சேயிடம் என்கிறார்.

முதலில் எக்ஸ்ரே, சண்டை அப்புறம். விலகிய எலும்பை உருவினால் இன்னும் விலகும், பக்கத்து ரத்தக்குழாயையும் கிழிக்கலாம். வெறும் சுளுக்கே ஆனாலும் முதல் இரண்டு நாள் சூடான தைலம் போட்டுத் தேய்த்தால் வீக்கம்தான் கூடும். ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைத்துவிட்டுக் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.

பையன் சைக்கிளிலிருந்து விழுந்தான், பத்து வயது. பக்கத்து வீட்டில் சுளுக்கு என்கிறார்கள்.

அந்த வயதில் ஜவ்வைவிட எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சிக் குருத்துதான் பலவீனம், அதனால் பிள்ளைகளுக்குச் சுளுக்கு என்று சட்டென்று சொல்ல மாட்டோம். எலும்பின் மேல் வலியிருந்தால் படம் எடுங்கள்.

மோட்டார் சைக்கிளிலிருந்து கையூன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், ஒரு வாரமாகியும் கட்டைவிரல் அடியில் வலி.

கட்டைவிரலை விரித்தால் மணிக்கட்டில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் திரும்பப் போங்கள். அதற்கடியில் படகு மாதிரி ஒரு சின்ன எலும்பு, அதன் விரிசல் முதல் படத்தில் பல நேரம் தெரியாது, 10 முதல் 14 நாள் கழித்து எடுத்தால்தான் தெரியும். கையில் கட்டு போட்டிருந்தால் அதுவரை அதைக் கழற்றாதீர்கள். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கித்தான் வருகிறது, நடுவில் உடைந்து கவனிக்காமல் விட்டால் பின்பாதி செத்துப்போகலாம்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

கை கால் கோணியிருந்தால், எலும்பு தோலைக் கிழித்திருந்தால், அடிபட்ட இடத்துக்குக் கீழே வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால். நிமிர்த்திப் பார்க்காதீர்கள், சாப்பிடவும் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இருக்கிற நிலையிலேயே அட்டை வைத்துக் கட்டி 999-ஐக் கூப்பிடுங்கள்.