‘தெரியவில்லை’ என்று எழுதலாமா? – குழந்தைகளும் குடிமக்கள் அறிவியலும்: கேள்வி-பதில்

பொதுமக்கள் தாங்கள் பார்ப்பதைப் பதிவுசெய்து ஆய்வாளர்களுக்குத் தருவதுதானே குடிமக்கள் அறிவியல்? என் மகளுக்கு ஆறு வயது. பறவைகளின் பெயர் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எப்படித் தொடங்குவது?

பெயரைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். பெயர் தெரிந்ததும் பார்ப்பதை நிறுத்திவிடும் குழந்தைகள் நிறைய. தினமும் ஒரே இடத்தில் 15 நிமிடம் உட்காருங்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் உலகம் முழுக்க நடக்கும் ‘கிரேட் பேக்யார்டு பேர்டு கவுன்ட்’ என்ற பறவைக் கணக்கெடுப்பும் குறைந்தது அவ்வளவு நேரத்தைத்தான் கேட்கிறது. தரையில் நடக்கிறதா, தத்துகிறதா? அலகு கூர்மையா, தடிப்பா? அவள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். தெரியாததற்கு ‘தெரியவில்லை’ என்றே எழுதலாம். யூகித்துப் போட்ட பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

சிறுவர்கள் தரும் தகவல் நிஜமாகவே பயன்படுகிறதா, இல்லை அவர்களை உற்சாகப்படுத்தச் சொல்வதா?

நிஜமாகவே பயன்படுகிறது. மோனார்க் வண்ணத்துப்பூச்சிகளின் கதையைக் குழந்தைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். கனடாவிலும் அமெரிக்காவின் கிழக்கிலும் கோடையில் பறப்பவை குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று நெடுங்காலம் ஆய்வாளர்களுக்குத் தெரியாது. கனடாவின் ஃப்ரெட் உர்குவார்ட், நோரா உர்குவார்ட் தம்பதி, சிறகில் ஒட்டும் சின்னஞ்சிறு சீட்டுகளைத் தன்னார்வலர்களிடம் கொடுத்துப் பல ஆண்டுகள் தேடினார்கள். 1975 ஜனவரியில், மெக்சிகோவின் மலைக்காட்டில் மரங்களை மூடியபடி அவை திரண்டிருந்த இடத்தை அவர்களது உதவியாளர்கள் கண்டுபிடித்தார்கள். சரி, அவை வடக்கிலிருந்து வந்தவைதான் என்பதற்கு என்ன சான்று? அடுத்த ஆண்டு ஃப்ரெட் அங்கே போனபோது, சீட்டு ஒட்டிய ஒரு வண்ணத்துப்பூச்சி கிடைத்தது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் மினசோட்டாவில் அந்தச் சீட்டை ஒட்டியவர்கள் ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவர்கள் இருவரும்!

மகன் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்கிறான். எதுவும் வராத நாளில் முகம் வாடிவிடுகிறது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம். அரிய பறவை வந்தால் மட்டும் நாம் குதூகலிக்கிறோம், அதை அவன் கவனிக்கிறான். பறவைப் பதிவுகளைத் திரட்டும் ‘இபேர்டு’ இணையதளத்தில் பார்த்தவற்றின் பட்டியல் தரும்போது, இனம் கண்ட எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். ‘ஆம்’ என்றால், பட்டியலில் இல்லாத இனம் அன்று உங்கள் கண்ணில் படவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஓர் இனம் குறைந்துவருவதை அறிய இந்த ‘இல்லை’கள் அவசியம். இதை அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள். வெறும் ஐந்து காகம் எழுதிய நாளிலும் தட்டிக்கொடுங்கள். எண்ண முடியாத கூட்டமா? எண்ணுக்குப் பதில் ‘எக்ஸ்’ குறி போடவும் இடம் உண்டு.

எந்தச் செயலி பாதுகாப்பானது?

கேமராவில் காட்டும் செடி, பூச்சி, பறவை என்னவென்று சொல்லும் ‘சீக்’ செயலி சிறுவர்களுக்குப் பொருத்தம். கணக்கு தொடங்காமலே பயன்படுத்தலாம். ஆனால் அதில் பார்ப்பது தானாக ஆய்வுக்குப் போய்ச் சேராது. அனுப்ப விரும்பினால் உயிரினப் படங்களைப் பதிவிடும் ‘ஐநேச்சுரலிஸ்ட்’ தளத்தில் பெரியவர் தன் பெயரில் கணக்கு தொடங்கிப் பதிவிடட்டும். வீட்டருகே எடுத்த படமென்றால் துல்லியமான இடத்தை மறைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. அப்புறம், படத்தில் குழந்தையின் முகம் வேண்டாம்.

கூட்டுக்குள் எட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். தாய்ப்பறவை கூட்டைவிட்டு வெகுநேரம் விலகியிருந்தால் முட்டை குளிர்ந்துவிடும், குஞ்சு பசியில் வாடும். தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்க்கட்டும். பறவை பதறிக் கத்தினால் உடனே பின்வாங்க வேண்டும்.