நத்தார் விடுமுறையில் பேஸ்மென்ற் அறையில் தனியாக இருக்கிற தங்கச்சிக்கு

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். செப்டெம்பரில் முல்லைத்தீவிலிருந்து ஸ்காபரோவுக்குப் படிக்க வந்திருக்கிறீர்கள். பேஸ்மென்றில் ஓர் அறை. கூட இருக்கிற இரண்டு பிள்ளைகளும் நத்தாருக்குத் தங்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், வகுப்பும் இல்லை. அம்மாவோடு கதைத்துவிட்டுப் போனை வைத்ததும் அழுகை வருகிறது, காலையில் எழும்பவே மனமில்லை. ஊரே கொண்டாடுகிற நேரத்தில் எனக்கு மட்டும் ஏன் இப்படி, கிடைக்கிற ஷிஃப்ற் எல்லாவற்றையும் எடுத்து வேலையிலேயே கிடந்தால் சரியாகிவிடுமா என்று கேட்டீர்கள்.

உங்களுக்கு மட்டுமில்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரரும் டிசம்பர் வந்தால் சோர்ந்து போவதை வருடா வருடம் பார்க்கிறேன். இதை மனவலிமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உடம்பு முதன்முதலாக இப்படியொரு இருட்டைக் காண்கிறது. டிசம்பர் 21 அளவில் ரொறன்ரோவில் சூரியன் உதிக்க ஏழே முக்கால் தாண்டிவிடும், பின்னேரம் நாலே முக்காலுக்கு முன்னமே மறைந்துவிடும். முழுதாக 9 மணித்தியாலம் கூட வெளிச்சம் இல்லை. முல்லைத்தீவில் மார்கழியிலும் பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. அதிலும் நீங்கள் இருப்பது நிலத்துக்குக் கீழே.

அதனால் முதல் வேலை, அறையின் அந்தச் சின்ன யன்னலைப் பாருங்கள். ஸ்னோ கொட்டினால் வெளிப்பக்கம் குவிந்து அதை அப்படியே மூடிவிடும். வீட்டுக்காரர் வந்து தள்ளுவார் என்று காத்திருக்காமல் ஒரு தும்புத்தடியால் தட்டி, கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள். மத்தியானம் 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் அரை மணித்தியாலம் வெளியே நடவுங்கள். முகில் மூடியிருந்தாலும் பரவாயில்லை, வெளியே இருக்கிற வெளிச்சம் அறை லைற்றைவிடப் பல மடங்கு கூட. காலையில் எழும்புவதுதான் பெரிய பாடு என்றால் 10,000 லக்ஸ் அளவுள்ள ஒளி விளக்குகள் விற்கிறார்கள். காலையில் 20, 30 நிமிடம் அதற்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம், படிக்கலாம், விளக்கை மட்டும் நேரே உற்றுப் பார்க்கக் கூடாது. கண் வருத்தமோ மனநிலை மாறி மாறி ஏறி இறங்குகிற நோயோ இருந்தால் டொக்டரைக் கேட்காமல் பாவிக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்குமுன் ரொறன்ரோ பொது நூலகத்தில் விசாரியுங்கள். இப்படியான விளக்குகளை 2016இல் முதலில் வைத்த கிளைகளில் மல்வேர்னும் ஒன்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூரியன் ஆகவும் நேரத்தோடு மறைவது டிசம்பர் 10 வாக்கில்தான். நத்தார் வரும்போது பின்னேரம் ஏற்கெனவே சில நிமிடம் நீளத் தொடங்கியிருக்கும்.

இனி ஷிஃப்ற். "வேலைதான் மருந்து" என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. களைத்த உடம்பு துக்கத்தைத் தள்ளிவைக்கும், ஆனால் ஜனவரியில் வகுப்புத் தொடங்கும்போது களைப்பும் துக்கமும் சேர்ந்தே வந்து நிற்கும். வெளிநாட்டு மாணவர் படிக்கிற காலத்தில் கொலிஜுக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், கொலிஜ் விடுமுறையில் முழுநேரமும் செய்யலாம் என்பதால் முதலாளிமாரும் இந்த நேரம் பார்த்துக் கேட்பார்கள். எடுங்கள், காசு தேவைதான். ஆனால் தொடர்ந்து இரவு வேலை எடுக்காதீர்கள், பகலில் நித்திரை கொண்டால் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் போய்விடும். நத்தார், அடுத்த நாள் 26ஆம் திகதி வருகிற பொக்சிங் டே, புதுவருடம் மூன்றும் ஒன்ராறியோவில் பொது விடுமுறை. பகுதிநேரமாகச் செய்கிறவர்களுக்கும் அந்த நாட்களுக்கு விடுமுறைச் சம்பளம் உண்டு. பெரும்பாலும் அதற்கு முந்திய 4 வேலைக் கிழமைகளின் சம்பளத்தை 20ஆல் பிரித்து வருகிற தொகை. விடுமுறைக்கு முந்தியும் பிந்தியும் உங்களுக்குப் போட்ட ஷிஃப்றைக் காரணமில்லாமல் தவறவிடக் கூடாது. அன்றைக்கு ஓய்வெடுத்தால் கையில் ஒன்றுமே வராது என்று பயப்படத் தேவையில்லை.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். இந்த இரண்டு கிழமையில் உங்கள் கை தேவைப்படுகிற ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விருந்துக்குக் கூப்பிடுவார்கள், போங்கள், நல்லது. ஆனால் விருந்தாளியாகப் போய் இன்னொரு குடும்பம் சிரிப்பதைக் கதிரையில் இருந்து பார்த்துவிட்டு இரவு பஸ்ஸில் திரும்புவது சில வேளை வீட்டில் இருப்பதைவிடக் கனக்கும். "ஏன் இன்னும் காணேல்லை" என்று ஒருவர் உங்களைத் தேட வேண்டும். மார்கழியில் எங்கள் கோயில்களில் திருவெம்பாவை வரும், விடியப்புறப் பூசைக்குப் பூக் கட்டவும் பாடவும் ஆள் போதாமல் இருப்பார்கள். ஊரில் சங்கும் சேமக்கலமுமாகத் தெருவில் பாடிக்கொண்டு போவதைக் கேட்டிருப்பீர்கள், இங்கே மண்டபத்துக்குள்தான், ஆனாலும் அதே பாட்டு. நீங்கள் வேதக்காரர் என்றால் தமிழ் ஆராதனை நடக்கிற தேவாலயங்களில் நத்தார்ப் பாட்டுக்கு இப்போதே பயிற்சி தொடங்கியிருக்கும். இரண்டும் வேண்டாமென்றால் ஜனவரி. கனடாவில் அது தமிழ் மரபுத் திங்கள். தைப்பொங்கல் நிகழ்ச்சிகளுக்கு டிசம்பரிலேயே ஒத்திகை பார்ப்பார்கள், பிள்ளைகளை மேய்க்கவும் சோடிக்கவும் ஆள் தேடித் திரிவார்கள். போய் "நான் என்ன செய்யட்டும்" என்று கேளுங்கள், உடனே ஒரு வேலை கையில் தருவார்கள்.

26ஆம் திகதியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், நீங்கள் பிறக்குமுன் சுனாமியில் போன அக்காவுக்கு வீட்டில் விளக்கு வைக்கிற நாள் என்று. அந்த வரியில்தான் நான் கனநேரம் நின்றேன். இங்கே அன்றைக்கு மலிவு விற்பனை, ரேடியோ முழுக்க விளம்பரம். உங்கள் வீட்டுத் துக்கம் இந்த ஊருக்குத் தெரியாது. நவம்பரில் மணி மாற்றியதிலிருந்து இலங்கை எங்களைவிடப் பத்தரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்கிறது. அங்கே 26ஆம் திகதி காலை 9.25க்கு இரண்டு நிமிடம் மௌனம் இருக்கிறபோது இங்கே நத்தார் இரவு 10.55. அந்த நேரத்துக்கு வேலையில் நிற்காதீர்கள். அதற்கு முன்னமே குளித்து, ஒரு கப் சோறு வைத்து, பருப்பும் ஒரு மரக்கறியும் சமைத்துவிடுங்கள். வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டு, அங்கே விளக்கு ஏற்றும்போது நீங்களும் ஏற்றுங்கள். பேஸ்மென்றில் புகை மணி அடிக்கும், சாம்பிராணி வேண்டாம், சின்னச் சுட்டி விளக்கோ மெழுகுதிரியோ போதும். அழுகை வந்தால் அம்மாவோடு சேர்ந்து அழுங்கள். தனியாகத் தலையணைக்குள் அழுவதும் இதுவும் ஒன்றில்லை.

அம்மாவிடம் "நல்லா இருக்கிறன், நல்லாச் சாப்பிடுறன்" என்று மட்டும் சொல்கிறீர்கள் போலிருக்கிறது. போனை வைத்ததும் அழுகை வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், அரை மணித்தியாலம் நடிப்பது லேசான காரியமில்லை. எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். "இங்க நாலரைக்கே இருட்டுது அம்மா, எனக்குப் பிடிக்கேல்லை" என்று சொல்லலாம்தானே. அந்த அளவைத் தாங்காத அம்மா முல்லைத்தீவில் இல்லை. பொங்கலுக்கு அனுப்புகிற காசையும் இப்போதே ஒரு தொகையாகச் சொல்லிவிடுங்கள். வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதில்தான் அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் செய்தும் இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் இது வெறும் வீட்டு நினைவில்லை, வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். கொலிஜில் மாணவர் ஆலோசகர் இருப்பார். நத்தாரோடு கொலிஜ் அலுவலகங்கள் மூடிவிடும், அதற்கு முன்னமே போய் ஒரு நேரம் பதிந்துகொள்ளுங்கள், ஜனவரி முதல் கிழமைக்கும் சேர்த்துக் கேளுங்கள். செத்தால் என்ன என்ற நினைப்பு ஒரு தரம் எட்டிப் பார்த்தாலும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு அடியுங்கள், அல்லது மெசேஜ் அனுப்புங்கள். கனடா முழுக்க, நாள் முழுக்க, நத்தார் இரவிலும் எடுப்பார்கள், காசில்லை. ஆங்கிலம் தட்டுப்பட்டாலும் தயங்காதீர்கள், உடைந்த ஆங்கிலம் அவர்களுக்குப் புதிதில்லை.

இந்தக் கிழமையே மனேஜரிடம் 25ஆம் திகதி பின்னேரமும் 26ஆம் திகதியும் வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள், அட்டவணை போட்ட பிறகு கேட்டால் மாற்றுவது கஷ்டம். எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், பக்கத்தில் திருவெம்பாவை எங்கே நடக்கிறது, விடிய எத்தனை மணிக்கு முதல் பஸ் என்று பார்த்துச் சொல்கிறேன்.