எழுதினால் அழுகை வருகிறதே, தொடரலாமா?

சென்னை தண்டையார்பேட்டையில் ஒரே ரூமில் ஐந்து பேர், மனசில் இருக்கும் வேதனையைத் தாளில் எழுதினால் யாராவது படித்துவிடுவார்கள், அழுகையும் வருகிறது என்கிறீர்கள்.

அழுகை சகஜம், பயப்படாதீர்கள். 1986-ல் பென்னிபேக்கர், பீல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுத வைத்தார்கள். மனக்காயத்தில் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு உடனே மனசு கனத்தது. அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவரிடம் போவது குறைந்தது.

"மாமியார் திட்டினாங்க" என்பதோடு நிறுத்தாதீர்கள். அது ஏன் அவ்வளவு சுட்டது? நாலாவது நாளும் அதே புலம்பல், ஒரு "ஏன்னா" கூட வரவில்லையென்றால் புண்ணைக் கிளறுகிறீர்கள், விஷயத்தை மாற்றுங்கள்.

நோட்டு வேண்டாம், தனித்தாள் போதும். முடிந்ததும் துணி அலசிய தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தால் தாள் கூழாகிவிடும்.

சாகத் தோன்றினால் எழுத உட்காராதீர்கள். உடனே அரசு உதவி எண் 104-ஐ அழையுங்கள், அல்லது ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.