ஊர்ப் பணத்தில் எழுந்த வானொலியை விலைபேச முடியுமா?

கேள்வி: எங்கள் கிராமத்தில் ஒரு டிரஸ்ட் பெயரில் சமுதாய வானொலி ஓடுகிறது. நிலையக் கட்டடம் மகளிர் குழு கொடுத்த இடத்தில் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டருக்காக வீடுவீடாகப் போய் ரசீது போட்டு வசூல் செய்தோம். தொடங்கிய வாத்தியார் ஐயாவுக்கு வயதாகிவிட்டது. வெளியூரில் இருக்கும் அவருடைய மகன் ஒரு கன்சல்டன்ட் மூலமாக, நிலையத்தை ஒரு கல்லூரி உரிமையாளருக்குக் கைமாற்றப் பேசிக்கொண்டிருக்கிறார். ‘லைசென்ஸ் எங்க டிரஸ்ட் பேர்ல இருக்கு, ஊருக்கு என்ன உரிமை?’ என்கிறார். இப்படிக் கொடுக்க முடியுமா? நாங்கள் ஒலிபரப்பை நிறுத்திவைத்துப் போராடலாமா? (ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: விற்க முடியாதும்மா. அது ஐயாவுக்கும் சொந்தமில்லை, மகனுக்கும் சொந்தமில்லை. அதற்காக ‘ஊருக்குத்தான் சொந்தம்’ என்று உங்களுக்கு எழுதித் தரவும் முடியாது. சங்கடம் அங்கேதான் இருக்கிறது.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல், கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றி வந்த வழக்கில் சொல்லிவிட்டது. அந்தப் பொதுச்சொத்தைப் பயன்படுத்திக்கொள்ள மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் கொடுத்த அனுமதிதான் உங்கள் டிரஸ்ட் கையில் இருக்கிறது. அதை வேறொரு அமைப்புக்கு மாற்றித்தரக் கூடாது. மைக், மிக்சர், டிரான்ஸ்மிட்டர் எல்லாம் ரசீது யார் பெயரில் போட்டீர்களோ அவர்களுடையவை, அதாவது டிரஸ்ட்டுடையவை. டிரஸ்ட் சொத்து என்றால் டிரஸ்டியின் குடும்பச் சொத்து ஆகாது. அப்பாவுக்குப் பின் மகன் என்று வாரிசுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்து உட்கார அது நஞ்சை நிலமில்லை. இடம் மட்டும் தனிக்கணக்கு. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

கல்லூரிக்கு வானொலி வேண்டுமென்றால் அவர்களே விண்ணப்பிக்கலாமே? கல்வி நிறுவனங்களுக்குத்தான் முதலில் வாசல் திறந்தது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் 2004-லேயே தொடங்கிவிட்டது. தொண்டு அமைப்புகளுக்கு 2006-ல்தான் வழி விட்டார்கள். பின்னே ஏன் உங்கள் ஊருக்கு வருகிறார்? டெல்லியில் ஒரு அமைச்சகம் அனுமதி கொடுக்க வேண்டும், உள்துறையும் பாதுகாப்புத் துறையும் பார்க்க வேண்டும், தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு அலைவரிசை ஒதுக்க வேண்டும். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கோப்பு நகர்வதற்குள் விண்ணப்பித்தவருக்குத் தலை நரைத்துவிடும். 100 வாட் டிரான்ஸ்மிட்டர், ஐந்தாறு மைல் தாண்டாத சத்தம், அதற்கு இத்தனை வாசல்! இந்த இழுத்தடிப்பில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். ‘புதுசா வாங்கினா வருஷக்கணக்காகும், ஓடிக்கிட்டிருக்கிறதை எடுத்துக்கலாம் சார்’ என்பதுதான் அவர்களுடைய வியாபாரம்.

உங்கள் கன்சல்டன்ட் என்ன செய்வார் என்று நானே சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டுவார். சமுதாய வானொலிக்கென்று அமைச்சகம் வைத்திருக்கும், 2024-ல் திருத்திய நெறிமுறைப்படி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம். முன்பு 7 நிமிடம்தான். கட்டணம் 10 விநாடிக்கு 74 ரூபாய். அப்படியானால் மணிக்கு 72 விளம்பரம், 5,328 ரூபாய். பத்து மணி நேரம் ஓட்டினால் நாளைக்கு 53,280. மாதம் கிட்டத்தட்ட 16 லட்சம்! கல்லூரிக்காரர் வாயைப் பிளந்துவிடுவார். அந்த 74 ரூபாய் அரசு விளம்பரம் வந்தால் கிடைக்கிற விலை என்பதையும், கிராமத்து நிலையத்துக்கு மணிக்கு 72 விளம்பரம் எந்தக் காலத்திலும் வராது என்பதையும் அந்தத் தாளில் எழுதமாட்டார். வந்த விளம்பரத்துக்கு பில் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்துக்கிடக்கும் நிலையப் பொறுப்பாளர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார். அப்படியே பணம் வந்தாலும் அதை நிலையத்தின் செலவுக்குத்தான் எடுக்க வேண்டும். யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

அடுத்து 11 மாத ‘நிர்வாக ஒப்பந்தம்’ என்று ஒன்றை நீட்டுவார். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் பெயரை மாற்றி எடுத்த பிரதிதான் அது. ‘அனுமதி டிரஸ்ட் பெயரிலேயே இருக்கும், நடத்துவது மட்டும் அவர்கள்’ என்று முதல் பக்கத்தில் இருக்கும். வரவு செலவு, ஆள் நியமனம், நிகழ்ச்சி முடிவு எல்லாம் ‘இரண்டாம் தரப்பு’ கையில் என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கும். அனுமதியை மாற்றித்தரக் கூடாது என்ற நிபந்தனையைப் பின்வாசல் வழியாக மீறுவதுதானே இது? ஐயா இதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கு அமைச்சகம் நோட்டீஸ் அனுப்பும்போது பதில் சொல்லவேண்டியது அவர்தான். கன்சல்டன்ட்டின் போன் அன்றைக்கு சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும். இதை ஐயாவிடம் நேரில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்லுங்கள். மகனிடம் அல்ல, ஐயாவிடம்.

இவர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டு தொங்கும் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். டிரஸ்டிகள் மாறலாம். ஒருவர் இறப்பார், ஒருவர் விலகுவார், புதியவர் வருவார். டிரஸ்ட் அதே டிரஸ்ட்தான், ஆகவே அனுமதி கைமாறியதாக ஆகாது. மகன் டிரஸ்டி ஆவதும், டிரஸ்ட் பத்திரம் இடம் கொடுத்தால், தவறில்லை. இதை வைத்துத்தான் ‘டிரஸ்டிகளை மொத்தமாக மாற்றிவிடுவோம், விற்பனை என்றே காட்ட வேண்டாம்’ என்பார்கள். இங்கே மூன்று விஷயம் கேளுங்கள். புதிய டிரஸ்டியை நியமிக்கும் அதிகாரம் பத்திரத்தில் யாருக்கு இருக்கிறது? அதற்கான கூட்டம் நடந்து மினிட் புத்தகத்தில் பழைய டிரஸ்டிகள் கையெழுத்திட்டார்களா? இந்த மாற்றத்துக்காக யாராவது பணம் கைமாற்றினார்களா? மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் முதல் இரண்டும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பிரயோசனமில்லை. அது டிரஸ்டி மாற்றமில்லை, பொது டிரஸ்ட்டின் பதவியை விற்றது. ‘சார்பதிவாளர் ஆபீசில் பதிவாகிவிட்டது’ என்று முத்திரையைக் காட்டினால் பயப்படாதீர்கள். சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்வார், அவ்வளவுதான். நியமனம் செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையில்லை.

உங்கள் பிடி எங்கே என்றால், நெறிமுறையில் இருக்கிறது. நிலையத்தின் உடைமையும் நிர்வாகமும் அது சேவை செய்யும் சமுதாயத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்கிறது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் உருவாக வேண்டும். ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2024-ல் சேர்த்தார்கள். எழுத்தில் பிரமாதம். ஊருக்கு வந்து அந்தக் குழு கூடுகிறதா, அதில் இருக்கும் பெண்கள் வெறும் கையெழுத்துக்குத்தானா என்று பார்க்க ஒருவர் வருவதில்லை. ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதிக்கு 1990-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. சமுதாய வானொலிக்கு இன்னும் நெறிமுறைதான், நிர்வாகக் குழுவில் ஊராருக்கு ஓட்டு உண்டு என்று சொல்லும் ஒரு சட்டம் கிடையாது. அதனால்தான் ஊருக்குச் சொந்தம் என்று எழுதித் தர முடியாது என்றேன்.

சரி, இப்போது செய்யவேண்டியது. அந்த ஆலோசனைக் குழுவைக் கூட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கூடினால் ‘கைமாற்றும் ஒப்பந்தம் எதற்கும் சம்மதமில்லை’ என்று தீர்மானம் போட்டு, நகலை அமைச்சகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தீர்மானம் தமிழில் இருக்கட்டும், கூடவே ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் டெல்லியில் அதைப் படிக்க ஆள் தேடுவதற்கே ஒரு மாதம் போகும். விண்ணப்பத்திலும் அனுமதி ஒப்பந்தத்திலும் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். டிரஸ்ட் பத்திரத்தின் நகலுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் அலையாதீர்கள். அசையாச் சொத்து இல்லாத பத்திரம் என்றால் ‘4-ம் புத்தகம்’ என்ற அவர்களுடைய பதிவேட்டில் ஏறியிருக்கும், சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டுமே கொடுப்பார்கள். உங்கள் பக்கம் நிற்கும் ஒரு டிரஸ்டி மூலமாக வாங்குங்கள். வசூல் ரசீதுகளின் அடிக்கட்டைகள் யாரிடம் இருக்கின்றன? முதலில் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால், பொது அறக்கட்டளைகளுக்கென்றே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 92 இருக்கிறது. டிரஸ்ட்டில் அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதியுடன் வழக்குப் போடலாம். டிரஸ்டியை நீக்கவும் கணக்குக் காட்டச் சொல்லவும் கேட்கலாம். நேரமெடுக்கும், ஆனால் வழக்கு நம்பர் விழுந்த சொத்தைத் தொட எந்தக் கல்லூரிக்காரரும் யோசிப்பார்.

ஒலிபரப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் நிலையம் மூடிக்கிடந்தால் அனுமதியை ரத்து செய்து, அந்த அலைவரிசையை வரிசையில் நிற்கும் அடுத்த விண்ணப்பதாரருக்குக் கொடுக்க வழியிருக்கிறது. அந்த அடுத்தவர் யாராக இருப்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கோபம் இருந்தாலும் காலை நிகழ்ச்சி காலையில் போகட்டும். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகளை மூன்று மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். நிலையத்தை நடத்தியது யார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.