ஒரு வேலைக்கு ஒரு ஜோடி கிளவுஸ்

வீட்டில் நோயாளி பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவரை ஹோம் நர்ஸாகப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் மாட்டும் கிளவுஸை மதியம்தான் கழற்றுவேன். இப்போது கையெல்லாம் அரிப்பு. எண்ணெய் தேய்க்கும்போது கிளவுஸ் கிழிந்தும் போகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, குலசேகரம்

பதில்: மதியம் வரை ஒரே கிளவுஸ் என்பதை இன்றே நிறுத்துங்கள், அம்மா. டயப்பர் மாற்றிய கிளவுஸோடு படுக்கைப்புண்ணைத் தொட்டால், மலத்தில் இருக்கும் கிருமி நேரே புண்ணுக்குப் போகும். ஒரு வேலை முடிந்ததும் கழற்றிப் போட்டுவிட வேண்டும். செலவாகுமே என்று வீட்டுக்காரர்கள் தயங்கினால், எங்கே தேவையில்லை என்று சொல்லுங்கள்: சோறு ஊட்ட, தலை சீவ, புண்ணில்லாத தோலில் எண்ணெய் தேய்க்கக் கழுவிய கையே போதும். ரத்தம், மலம், சிறுநீர், சளி, சீழ், கிழிந்த தோல் ஆகியவற்றைத் தொடும்போதுதான் கிளவுஸ்.

கிழிவதற்குக் காரணம் எண்ணெய். லேடெக்ஸ் கிளவுஸில், அதாவது ரப்பர் பாலில் செய்த கிளவுஸில், தேங்காயெண்ணெய் பட்டால் ரப்பர் தளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் விழும். செயற்கை ரப்பரில் செய்த நைட்ரைல் கிளவுஸ் எண்ணெயைத் தாங்கும்.

அரிப்பு பெரும்பாலும் வியர்வையாலும், ஈரக் கையோடு மாட்டுவதாலும் வருவது. ஆனால் மாட்டிய சில நிமிடங்களில் தடிப்பு, கண் அரிப்பு, மூச்சிறைப்பு வந்தால் அது லேடெக்ஸ் ஒவ்வாமையாக இருக்கலாம். உங்கள் ஊர்த் தோட்டங்களில் வடிக்கும் ரப்பர் பாலில் உள்ள புரதம்தான் காரணம். இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு வாழைப்பழம் தின்றாலும் வாய் அரிக்கும். லேடெக்ஸை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். மூச்சிறைப்பு வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கழற்றும்போதுதான் பலருக்குக் கை அழுக்காகிறது. இடது கிளவுஸின் மணிக்கட்டுப் பக்கத்தை வெளியிலிருந்து கிள்ளிப் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, வலது கைக்குள் சுருட்டிக்கொள்ளுங்கள். இப்போது வெறுங்கையாக இருக்கும் இடது விரலை வலது கிளவுஸின் உள்ளே விட்டு உரித்தால், முதல் கிளவுஸ் இரண்டாவதற்குள் அடங்கிவிடும். அடுத்து ஏப்ரன். கடைசியாக மாஸ்க், அதுவும் காதுக் கயிற்றைப் பிடித்து. பிறகு சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவுங்கள். கிளவுஸ் போட்டிருந்தோமே என்று இதை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: தரையில் ரத்தமோ மலமோ சிந்தினால் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முதலில் பழைய துணியாலோ பேப்பராலோ ஒற்றி எடுத்துவிடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும், கிருமி சாகாது. 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கலக்கி, தெளிந்த நீரை ஊற்றி, 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். தினசரி தரை துடைக்க இதில் ஒரு டம்ளருக்கு ஒன்பது டம்ளர் தண்ணீர் சேர்த்தால் போதும். அன்றன்று கலக்குங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் கொட்டும். ஈரக்காற்று பட்டால் பவுடரின் வீரியம் போய்விடும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

கேள்வி: இன்சுலின் போட்ட ஊசியை மூடும்போது விரலில் குத்திவிட்டது. பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், பிளீச்சிங் தண்ணீரும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ரத்தம் வழியே தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்றும் கேட்பார்கள். 0, 1, 6 மாதம் என மூன்று தவணை. இந்த வேலைக்கு வரும் எல்லோரும் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டியது.

இனி ஊசியைத் திரும்ப மூடவே வேண்டாம். திருகுமூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டில் பக்கத்திலேயே வைத்து நேராக அதில் போடுங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி, மேலே 'ஊசி' என்று எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.