பெட்டிக்குக் காசா, பாட்டுக்குக் காசா?

இசைத்தட்டு பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை முழுக்க அவற்றுக்கே.

கேள்வி: அடுத்த மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். கல்லூரி நாளிலிருந்தே அவருக்கு பிங்க் ஃபிளாய்டு, பீட்டில்ஸ் ராக் குழுக்கள் என்றால் உயிர். வைத்திருந்த கேசட்டெல்லாம் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. ஆன்லைனில் 'டீலக்ஸ் எடிஷன்' என்று பெரிய பெட்டி 14,000 ரூபாய்க்கு இருக்கிறது. அதே ஆல்பம் ஒற்றைத் தட்டாக 3,000 சொச்சம். பெட்டியில் இருப்பதுதான் நன்றாகக் கேட்குமா? – அண்ணா நகர் வாசகர்

பதில்: ஒலிக்காக மட்டும் என்றால் பெட்டி வேண்டாம். ஒரே சமயத்தில் வெளியாகும் பெட்டியிலும் ஒற்றைத் தட்டிலும் மூல ஆல்பம் பெரும்பாலும் ஒரே மாஸ்டரிலிருந்து (அச்சுக்குத் தயாரான இறுதிப் பதிவு) வந்ததாகத்தான் இருக்கும். மிச்சப் பதினோராயிரம், ஒத்திகைப் பதிவுகள், கச்சேரிப் பதிவு, கெட்டி அட்டைப் புத்தகம், போஸ்டர் இவற்றுக்குப் போகிறது. மூன்றாவது டேக்கில் கிட்டார் எங்கே பிசகியது என்று ரசித்துக் கேட்கிறவர் அப்பா என்றால் தாராளமாக வாங்குங்கள். பெரிய அட்டையைப் பிரித்து மடியில் வைத்துப் பார்ப்பதே ஒரு சுகம், அதற்குக் காசு கொடுப்பதிலும் தப்பில்லை. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். 'சூப்பர் டீலக்ஸ்' என்று போட்ட பெட்டி சிலவற்றில் தட்டே இருக்காது, வெறும் சி.டி.தான். பீட்டில்ஸின் 'அபே ரோடு' ஆல்பத்துக்கு 2019-இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில் மூன்று வினைல் இசைத்தட்டு கொண்ட பெட்டி தனி, சி.டி.யும் புளூ-ரே தட்டும் கொண்ட பெட்டி தனி. படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டால் ஏமாற்றம்தான். உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற வரியைப் படியுங்கள்.

அப்புறம், மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'180 கிராம்' என்பது தட்டின் எடை. சாதாரணத் தட்டு 120 முதல் 140 கிராம் இருக்கும். கனமான தட்டு கையில் எடுக்க நன்றாக இருக்கும், கொஞ்சம் உறுதியாகவும் இருக்கும். ஆனால் ஊசி ஓடும் பள்ளத்தின் ஆழம் இரண்டிலும் ஒன்றுதான், ஊசிக்கு எடை தெரியாது. இந்த ஒரு சொல்லுக்காக ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

'ரீமாஸ்டர்' என்றால் முடிந்துபோன கலவையை எடுத்து அதன் ஒலி அளவு, தடிமன், கூர்மை ஆகியவற்றைத் திருத்துவது. 'ரீமிக்ஸ்' என்றால் குரல், டிரம்ஸ், கிட்டார் என்று தனித்தனியாகப் பதிந்த தடங்களுக்கே திரும்பப் போய் மறுபடி கலப்பது. இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். பீட்டில்ஸின் 1966 ஆல்பமான 'ரிவால்வர்' 2022-இல் ரீமிக்ஸாக வந்தது. பழைய ஸ்டீரியோவில் பல பாட்டுகளில் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் இன்னொரு பக்கமுமாக ஒதுங்கி நிற்கும். ஒரே தடத்தில் ஒட்டிக் கிடந்ததைக் கணினியால் பிரித்துப் புதிதாக நடுவில் கொண்டுவந்தார்கள். கேட்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்பது வருஷமாக ஒரே மாதிரி கேட்டுப் பழகிய காதுக்கு இது வேறு பாட்டாகப் படலாம். உங்கள் அப்பா அந்த ரகம் என்றால் ரீமிக்ஸைத் தவிருங்கள்.

'ஹாஃப் ஸ்பீடு' என்றால் டேப்பையும், தட்டு வெட்டும் எந்திரத்தையும் பாதி வேகத்தில் ஓட்டி, மூலத் தட்டில் பள்ளம் வெட்டுவது. உச்ச ஸ்தாயி ஒலிகளைப் பதமாக வெட்ட உதவும். வேலை தெரிந்தவர் செய்தால் பலன் உண்டு.

கடைசியாக 'மூல அனலாக் டேப்பிலிருந்து', அதாவது ஒலியை எண்களாக மாற்றாமல் காந்த நாடாவில் அப்படியே பதிந்ததிலிருந்து. இந்தச் சொல்லை வைத்துப் பெரிய வழக்கே நடந்தது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் ரசிகர்களுக்காக விலை உயர்ந்த மறுபதிப்புகள் போட்டுப் பெயர் வாங்கியது. வாங்கியவர்கள் அவை முழுக்க அனலாக் என்றே நம்பினார்கள். இடையில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்பது 2022-இல் வெளியே வந்தது. வழக்கு 2023-இல் 2.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. எனக்கு இதில் சுவாரசியமான இடம் வேறு. கோல்டன் காது படைத்தவர்கள் என்று பேர் எடுத்த விமர்சகர்கள் அந்தத் தட்டுகளை வருஷக்கணக்காகக் கொண்டாடினார்கள். டிஜிட்டல் கலந்திருப்பது ஒருவர் காதுக்கும் எட்டவில்லை. நல்ல டிஜிட்டல் மாஸ்டர் தட்டைக் கெடுத்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? வாங்கியவர்களிடம் உள்ளதைச் சொல்லவில்லை என்பதுதான் குற்றம்.

வினைல் என்பதாலேயே நன்றாகக் கேட்கும் என்றும் நினைக்காதீர்கள். மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் இடையே சி.டி. 96 டெசிபல் வரை இடம் தரும், தட்டு 70-ஐத் தொட்டாலே அதிகம். ஆனாலும் சில தட்டுகள் சி.டி.யை விட இதமாகக் கேட்கின்றன. 1990-களுக்குப் பிறகு வந்த பல சி.டி.க்களில் எல்லாமே சத்தமாக ஒலிக்கட்டும் என்று பாட்டை நசுக்கிவிட்டார்கள். தட்டுக்குத் தனியாக மாஸ்டரிங் செய்திருந்தால் அந்த நசுக்கல் இருக்காது, டிரம்ஸ் அடி அடியாக விழும். ஆக, தட்டை மாஸ்டரிங் செய்தவர் பெயர் போட்டிருக்கிறதா, எந்த டேப் என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சொல்லாமல் எடையையும் கலரையும் மட்டும் சொன்னால் அடுத்த கடைக்குப் போகலாம்.

வீட்டில் ஓடுகிற பிளேயர் இருக்கிறதுதானே? அதை நீங்கள் எழுதவே இல்லை.

கேள்வி: என்னிடம் 4,500 ரூபாய் சூட்கேஸ் பிளேயர் இருக்கிறது. லெட் செப்பலின் ராக் குழுவின் டீலக்ஸ் தட்டு வாங்கினேன், பாஸ் (கீழ் ஸ்தாயி ஒலி) வரும் இடத்தில் ஊசி தாவுகிறது. தட்டு மட்டமா? – திருப்பரங்குன்றம் கல்லூரி மாணவர்

பதில்: பிளேயர்தான் தம்பி. இந்தப் புகாருக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1969-இல் லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில் முதலில் வெட்டியவர் ராபர்ட் லட்விக். பாஸையும் டிரம்ஸையும் அடக்காமல் முழு வீச்சில் வெட்டினார். மலிவான பிளேயர்களில் ஊசி தாவுகிறது என்று புகார் வர, கம்பெனி அதை நிறுத்திவிட்டு ஒலியைக் குறைத்து மறுபடி வெட்டியது. இன்றைக்கு அந்த முதல் வெட்டுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் கிராக்கி. லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் ஆர்.எல். என்ற இரண்டு எழுத்து கீறியிருக்கும், அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள்.

ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். சூட்கேஸ் பிளேயரில் இருப்பது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். ஊசி 5 கிராம் எடையோடு பள்ளத்தில் அழுந்தும். நல்ல காந்த வகைக் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் பக்கம் போதும். ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் அதன் அதிர்வு ஊசிக்கே திரும்பி வரும், பாஸில் தாவுவதற்கு அது ஒரு காரணம். விலை உயர்ந்த தட்டுகளை அதில் ஓட்டாதீர்கள்.

அடுத்த இரண்டு தட்டுக்கான காசைச் சேர்த்து பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் (பெல்ட்டால் தட்டைச் சுற்றும் பிளேயர்) ஒன்று வாங்குங்கள். ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தட்டு வெட்டும்போது பாஸைக் குறைத்தும் உச்ச ஒலியைக் கூட்டியும் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் பாட்டு அடங்காது. அதைத் திரும்பச் சரிசெய்வது அந்த ப்ரீஆம்ப்தான். அது இல்லாமல் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரில் நேரே செருகினால் பாட்டு ஈனஸ்வரத்தில், தகரச் சத்தமாக வரும். உடனே தட்டைத் திட்டுவீர்கள்.

கேள்வி: கலர் தட்டு, கறுப்புத் தட்டு, எது நல்லது? – மேலூர் வாசகர்

பதில்: இன்றைய கலர் தட்டுகளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. படம் அச்சிட்ட பிக்சர் டிஸ்க் மட்டும் இரைச்சல் கூடுதல். அது சுவரில் மாட்ட.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய இரட்டைத் தட்டில் ஒன்று அலைபோல் நெளிந்திருக்கிறது. இன்னொன்றில் பியானோ நடுங்குகிறது. 'சீல் பிரித்த இசைப் பொருள்களைத் திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா? – திருமங்கலம் வாசகர்

பதில்: விடவே வேண்டாம். பிரிக்காமல் குறை தெரியாத பொருளுக்கு இப்படி ஒரு நிபந்தனை போடுவதே வேடிக்கை.

முதலில் உங்கள் பக்கத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பிளேயரை ஓடவிட்டு, கண்ணைத் தட்டின் விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். லேசாக ஏறி இறங்கி ஊசி தாவாமல் போனால் அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஊசி தாவினாலோ குதித்தாலோ குறைதான். பியானோ நடுங்கும் தட்டில் ஊசிக் கையை மேலிருந்து பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது இடமும் வலமும் ஊஞ்சலாடினால் நடு ஓட்டை சரியான மையத்தில் விழவில்லை. ஒவ்வொரு சுற்றுக்குள்ளேயும் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் ஏறி இறங்கும், அதனால்தான் நீண்டு ஒலிக்கும் சுரங்கள் நடுங்குகின்றன. வேறு நல்ல தட்டு ஒன்றையும் அதே பிளேயரில் ஓட்டிக் காட்டுங்கள். எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நல்ல தட்டிலும் இதே நடுக்கம் வந்தால் விற்பவரை விட்டுவிட்டு மெக்கானிக்கைப் பாருங்கள்.

2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்துக்கு மாறான பொருளையோ திருப்பி எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. தளத்தில் குறைதீர் அலுவலர் பெயர் போட்டிருக்க வேண்டும். புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் அவர் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு வீடியோவோடு எழுதுங்கள், போனில் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்பவர் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது. ஆணையத்தின் பெயரைக் கடிதத்தில் போட்டாலே மாற்றுத் தட்டு வந்துவிடும்.

கேள்வி: பழைய சாமான் கடையில் பீட்டில்ஸ் தட்டு ஒன்று, டம்டம் என்று லேபிளில் இருக்கிறது. 'ஒரிஜினல், புது டீலக்ஸ் எல்லாம் இதுகிட்ட நிக்காது' என்று 3,500 சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – சிம்மக்கல் வாசகர்

பதில்: கடைக்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. டம்டம் என்பது கொல்கத்தா அருகே கிராமபோன் கம்பெனியின் ஆலை. மேற்கத்திய ராக் ஆல்பங்களும் அங்கே அச்சாகின. ஆனால் அச்சான நாளில் எப்படி இருந்தது என்பது இப்போது பிரச்சினை இல்லை, அதன்பின் அது யார் கையில் எப்படி ஓடியது என்பதுதான் கேள்வி. மைக் செட்காரர் பெட்டியிலிருந்து வரும் சினிமாத் தட்டுகள் கோயில் கொடையிலும் கல்யாணத்திலும் தேய்ந்து தேய்ந்து ஓடாகியிருக்கும். பீட்டில்ஸை எந்தக் கொடையிலும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதால் இது ஒருவேளை பிழைத்திருக்கலாம்!

தட்டை வெளியே எடுத்துச் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். பள்ளங்கள் கறுகறுவென்று மின்னினால் நல்லது. சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் கனத்த ஊசி உழுதுவிட்டது, எவ்வளவு கழுவினாலும் திரும்ப வராது. நகத்தால் மெல்லத் தடவினால் தட்டுப்படும் கீறல் நிச்சயம் சத்தம் போடும். கண்ணுக்கு மட்டும் தெரியும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் கேட்காது. கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், முக்கியமாக உள்பக்கக் கடைசிப் பாட்டை. தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியின் அடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடும், உள்ளே போகப் போக அது 20 சொச்சம்தான். ஒலி முதலில் கரகரப்பது அங்கேதான். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் ஐந்நூறுக்கு மேல் பேசாதீர்கள். நல்ல நிலையில் இருந்தால், என் கணக்கில், 1,500 நியாயமான விலை.

கேள்வி: நம்ம ஊர் வெயிலுக்குத் தட்டுகளை எப்படி வைப்பது? – கே.கே. நகர் வாசகர்

பதில்: நேராக நிறுத்தி, நெருக்கமாக, ஆனால் இறுக்காமல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பது வளையும். மேற்குச் சுவர் ஓரம், ஃபிரிட்ஜின் தலை, பீரோவின் மேல்தட்டு மூன்றும் ஆகாது. சித்திரை மாதத்தில் காருக்குள் விட்டுவிட்டு மாட்டுத்தாவணியில் யாரையாவது பஸ் ஏற்றிவிடப் போனால், திரும்பி வரும்போது தட்டு வளைந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஆர்டர் போட்டால் வந்த அன்றே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

தூசிக்கு கார்பன் ஃபைபர் பிரஷ். கழுவ வேண்டுமென்றால் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் லிக்விட், பள்ளம் போகும் திசையிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை அலசுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகளைச் சுத்தம் செய்ய ஸ்பிரிட் கலந்த எதையும் தொடாதீர்கள், அவை அரக்கால் ஆனவை, கரைந்துவிடும்.

வளைந்த தட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் நிமிரும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். மதுரை வெயிலில் அது வேண்டாத வேலை. தட்டு நிமிரலாம், பள்ளம் போய்விடும்.