டிரில் பிரஸ் இல்லாமல் மரத்தில் நேராகத் துளை போடுவது எப்படி?

டிரில்லை நேராக இறக்கித் தரும் டிரில் பிரஸ் இயந்திரம் இல்லை, வீட்டில் கை டிரில் மட்டும்தான் இருக்கிறது, மேலே சரியான இடத்தில் தொடங்கினாலும் துளை மறுபக்கம் தள்ளி வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கையை ஆடாமல் பிடிக்கப் பழகுங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டு மரத்துண்டுகளை ஒட்டி ஒரு மூலைக்கட்டை செய்துகொள்ளுங்கள். மற்றதை அந்தக் கட்டை பார்த்துக்கொள்ளும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஊஞ்சல் பலகையில். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பட்டாசலில் (கூடத்தில்) தொங்கிய பழைய பலகை விரிசல் விட்டுவிட்டது. இரண்டு அங்குலக் கனத்தில் புதுத் தேக்குப் பலகை வாங்கி, இழைத்து, பாலிஷ் வரைக்கும் நானே செய்தேன். நான்கு மூலையிலும் 12 மி.மீ. கம்பி இறங்கத் துளை போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. கண் மதிப்பில் போட்டேன். மூன்று துளை தேவலை. நான்காவது, அடியில் 3 மி.மீ. தள்ளி வெளியே வந்தது.

3 மி.மீ. தானே என்று தோன்றும். 50 மி.மீ. கனத்தில் ஒரு டிகிரி சாய்ந்தால் அடியில் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. விலகும். அப்படியென்றால் என் டிரில் சாய்ந்தது ஏறக்குறைய மூன்றரை டிகிரி. டிரில்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறவர் கண்ணுக்கு இந்தச் சாய்வு தெரியவே தெரியாது. ஆனால் ஊஞ்சலுக்கு அது பெரிய குறை. அடியில் வாஷர் பலகையோடு படியாமல் ஒரு விளிம்பில் மட்டும் உட்காரும். ஆள் உட்கார்ந்து ஆடும்போது பாரம் எல்லாம் அந்த விளிம்பிலேயே இறங்கி, மரம் நசுங்கி, துளை நாளாக நாளாக முட்டை வடிவமாகிவிடும். குழந்தைகள் ஏறி ஆடுகிற பலகை. அப்படியே மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

அம்பாசமுத்திரத்தில் எனக்குத் தெரிந்த ஆசாரி தாத்தா ஒருவர் இருந்தார். மின்சார டிரில் வருவதற்கு முன்பே தொழிலுக்கு வந்தவர். வில்லின் கயிற்றைத் தண்டில் சுற்றி இழுத்து, துறப்பணம் என்கிற பழைய துளைக் கருவியால் துளை போட்ட கை. பலகையை அவரிடம் கொண்டுபோனேன். துளைக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்கன நின்னு போட்ட?"

"பலகைக்கு முன்னால நின்னுதான் தாத்தா."

"முன்னால நின்னா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயுறதுதான் தெரியும். ஒன் நெஞ்சப் பாத்துச் சாயுறது எப்படில தெரியும்? பக்கவாட்டுல ஒரு ஆள நிறுத்திருக்கணும்லா."

என் துளை சாய்ந்திருந்தது சரியாக என் பக்கமாகத்தான். எல்லோருக்கும் இதுதான் நடக்கும். இட வலச் சாய்வைக் கண் தானாகத் திருத்திவிடும். முன் பின் சாய்வுதான் ஏமாற்றும். ஆகவே உடனே செய்யக்கூடியது, இரண்டு மூலமட்டங்களை, அதாவது செங்கோணம் பார்க்கிற 'எல்' வடிவக் கருவிகளை, துளையின் அருகே நிறுத்துவது. ஒன்று உங்களுக்கு நேரே எதிரில், இன்னொன்று பக்கவாட்டில். பக்கவாட்டு மட்டத்தைப் பார்க்க வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள். என் தம்பி மகன் "பெரியப்பா, முன்ன சாயுது" என்று சொன்ன அளவுக்கு வேறு எந்தக் கருவியும் எனக்கு உதவியதில்லை.

இனி மூலைக்கட்டை. கட்டையில் துளை போட்டு அதை வழிகாட்டியாக வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கட்டையில் நேரான துளையை எப்படிப் போடுவது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. மூலைக்கட்டையில் துளையே வேண்டாம். செங்கோட்டைப் பக்கம் மர அறுப்பு மில்களில் கேட்டால் வேங்கைக் கழிவுத் துண்டு கிடைக்கும். நன்றாக இழைத்த இரண்டு துண்டுகளை ஆங்கில 'எல்' எழுத்துப் போலப் பெவிகால் வைத்து ஒட்டுங்கள். உயரம் 60 மி.மீ. போதும். காய்ந்த பிறகு அடிப்பக்கத்தை ரம்பத்தால் ஒரே வெட்டாக வெட்டி, தரை ஓடு மேல் உப்புத்தாளைப் பரப்பித் தேய்த்துச் சமமாக்குங்கள். பிறகு அதை நிமிர்த்தி வைத்து, உள் மூலையின் இரண்டு சுவரிலும் மூலமட்டத்தைச் சேர்த்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். இந்த வேலையில் அவசரப்படாதீர்கள். கட்டை எவ்வளவு நேரோ துளையும் அவ்வளவுதான் நேர். எனக்கு இதற்கே ஒரு மாலைப் பொழுது போனது.

பயன்படுத்தும் முறை இது. குறித்த புள்ளியில் கூரான ஆணியை வைத்துத் தட்டி ஒரு சிறு குழி. டிரில் பிட்டின் முனையைக் குழியில் ஊன்றி, கட்டையை நகர்த்தி அதன் உள் மூலை பிட்டின் உடம்பைத் தொடும்படி வைத்து, சி கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். பிட் மூலையின் இரண்டு சுவரையும் தொட்டபடி இறங்கட்டும். கட்டையில் சாய்ந்து அழுத்தக் கூடாது, தொட்டிருந்தால் போதும். முதல் அரை அங்குலம் நேராக இறங்கிவிட்டால் அதன் பிறகு துளையே பிட்டுக்கு வழிகாட்டும். கோணல் என்பது அந்த முதல் அரை அங்குலத்தில்தான் பிறக்கிறது.

60 மி.மீ. உயரம் என்று ஏன் சொன்னேன் என்றால், கடையில் கிடைக்கும் சாதாரண 12 மி.மீ. பிட் ஏறக்குறைய 150 மி.மீ. நீளம். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் டிரில்லின் வாயான சக்கில் 30 மி.மீ. போய்விடும். மீதி 120-இல் கட்டைக்கு 60 போனால் பலகைக்கு 60 இருக்கும். இரண்டு அங்குலப் பலகை தாண்டிவிடும். அதைவிடக் கனமான மரம் என்றால் கொஞ்ச ஆழம் போனதும் கட்டையை எடுத்துவிட்டுத் தொடரலாம்.

மரத்துக்கென்றே விற்கிற, நடுவில் ஊசிமுனை உள்ள பிட்டை வாங்குங்கள். இரும்புக்கான பிட்டின் முனை மரத்தின் ரேகையில் வழுக்கி, மென்மையான பக்கம் ஓடும். முடிச்சுக்கு அருகில் என்றால் இன்னும் மோசம். தட்டையான கரண்டி பிட் இந்தக் கட்டைக்குச் சரிப்படாது, அதன் தண்டு மெலிசு, மூலையில் படியாது. டிரில்லில் சுத்தியல் படம் போட்ட பக்கம் விசை இருந்தால் மாற்றிவிடுங்கள். சுவருக்குத் துளை போட்டுவிட்டு அப்படியே மரத்துக்கு வந்து துளை வாயைக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்டை செய்ய நேரமில்லை, இன்றே ஒரு துளை வேண்டும் என்றால் பழைய சிடி ஒன்று போதும். பளபளப்புப் பக்கம் மேலே இருக்க, நடு ஓட்டை குறியின் மேல் வருமாறு வையுங்கள். பிட்டும் சிடிக்குள் தெரிகிற அதன் பிம்பமும் ஒரே கோடாக இருந்தால் நேர். கொஞ்சம் சாய்ந்தாலும் கோடு மடங்கித் தெரியும், சாய்வு அங்கே இரண்டு மடங்காகத் தெரிவதால் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் இதையும் இரண்டு திசையிலிருந்து பார்க்க வேண்டும். ஆசாரிகள் ரம்பத்தின் தகட்டில் பலகை விளிம்பின் பிம்பத்தைப் பார்த்து நேராக அறுப்பதும் இதே கணக்குத்தான். திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்ளே மரச்சிற்பங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கண்கள்தான் நினைவுக்கு வரும்.

அடிப்பக்கம் சிலும்பு பெயராமல் இருக்க, ஊசிமுனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி, அந்தப் புள்ளியிலிருந்து மீதியைப் போடுங்கள். திருப்ப முடியாத இடத்தில் அடியில் ஒரு வேண்டாத பலகையை இறுக்கிக் கட்டிவிடலாம்.

கோணலாகிப்போன துளையை என்ன செய்வது? அதே துளைக்குள் பிட்டை விட்டு நிமிர்த்த முயலாதீர்கள், அது பழைய வழியிலேயே போகும், வாய் மட்டும் அகலும். நான் தேக்கிலேயே உருண்டையாக ஒரு முளை சீவி, பெவிகால் தடவி, துளை முழுக்க அடைத்து ஒரு நாள் விட்டேன். பாதி அடைத்தால் பிட் வெற்றிடம் பார்த்துச் சரியும். மறுநாள் முளையைப் பலகையோடு சமமாகச் சீவி, புதிதாகக் குறித்து, மூலைக்கட்டையை வைத்துப் போட்டேன். அடியில் மூலமட்டம் வைத்துப் பார்த்ததில் குறி பிசகவில்லை. கம்பி நான்கும் இறங்கி, வாஷர் நான்கும் முழு வட்டமாகப் படிந்தன. அன்று சாயங்காலமே அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.